டிராப் டாக்ஸியில வழியில நிக்கிற நேரத்துக்கும் கணக்கு எழுதிக் கொடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன மாசம் தஞ்சாவூர்ல எங்க நாத்தனார் பொண்ணு கல்யாணம். அம்மாவுக்கு 74 வயசு, பஸ்ல ஏறி இறங்க முடியாது, அதனால தாம்பரத்துல இருந்து டிராப் டாக்ஸி, அதான் ஒரு வழி மட்டும் கொண்டுபோய் விடுற வண்டி, புக் பண்ணோம். கல்யாணத்துக்கு முதல் நாள் போறோம்ல, போற வழியிலயே வடலூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூணையும் பார்த்துட்டுப் போயிடலாம்னு அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. போன்ல கேட்டப்ப "தாராளமா பார்த்துட்டே போலாம் மேடம், ஒண்ணும் பிரச்னையில்ல"ன்னுதான் சொன்னாங்க. எத்தனை மணி நேரம் நிக்கலாம், அதுக்கு எவ்வளவுன்னு அவங்களும் சொல்லல, நானும் கேக்கல. எந்த நிறுவனம்னு சொல்ல விரும்பல, ஏன்னா இது ஒரு கம்பெனியோட பிரச்னை இல்ல, நான் விசாரிச்ச நாலு பேருக்கும் இதே அனுபவம்தான்.

காலைல அஞ்சு மணிக்கு வரவேண்டிய வண்டி ஆறரைக்கு வந்துச்சு. டிரைவர் தம்பி ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் சேலத்துல இருந்து ஒரு ஃபேமிலியைக் கொண்டுவந்து விட்டிருக்காரு, கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. விக்கிரவாண்டி தாண்டி டீ குடிக்க நிறுத்தச் சொல்லி அரை மணி நேரம் சீட்டைச் சாய்ச்சுப் படுங்கன்னு நானே சொன்னேன், அவரு பயந்துக்கிட்டே படுத்தாரு. 1961ல கொண்டுவந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துலயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, தொடர்ந்து அஞ்சு மணி நேரம் ஓட்டினா அரை மணி ஓய்வு கொடுக்கணும்னு எழுதி வச்சிருந்தாங்க, அறுபது வருஷம் ஆயிடுச்சு, இன்னும் ஒரு பையன் தூங்கவே பயப்படுறான்.

வடலூர் நல்லபடியா ஆச்சு. 1867ல வள்ளலார் தருமசாலையில ஏத்தின அடுப்பு இன்னிக்கும் அணையாம எரியுது, பசின்னு வர்றவங்களுக்கு சாப்பாடு போட்டுக்கிட்டே இருக்காங்க, டிரைவரும் எங்ககூடவே உக்காந்து சாப்பிட்டாரு. சேத்தியாத்தோப்பு கிட்ட வந்ததும், பக்கத்துலதான் வீராணம் ஏரி, நம்ம சென்னைக்குக் குடிக்கத் தண்ணி இங்க இருந்தும் வருதுன்னு சொன்னதும் அம்மா கண்ணாடியை இறக்கிப் பாத்துக்கிட்டே வந்தாங்க.

கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே முக்கால், நடை சாத்திட்டாங்க. இனிமே நாலு மணிக்குத்தான். நம்ம ஊர்ல பெரும்பாலான கோயில் மத்தியானம் மூடிருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா வண்டி புக் பண்றப்ப இதை வச்சு யாரும் நேரம் போடுறதில்ல. ஒன்றரை மணி நேரம் தாமதம்ங்கறது எங்களுக்கு ஒரு கோயிலே போன மாதிரி. ராஜேந்திர சோழன் கட்டின கோயில், தஞ்சாவூர் விமானம் நேரா ஏறும், இது லேசா உள்வாங்கி வளைஞ்சு ஏறும், அந்த அழகை வெளியில நின்னு பாத்தோம். வடக்குப் பக்கச் சுவர்ல சிவபெருமான் சண்டிகேசுவரருக்குத் தலையில மாலை சுத்துற சிற்பம் இருக்கு, அம்மா அதைப் பாத்துக் கண் கலங்கிட்டாங்க. பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது, டிரைவருக்கு ஆபீஸ்ல இருந்து போன், சாயங்காலம் தஞ்சாவூர்ல இருந்து ரிட்டர்ன் டிரிப் இருக்கு சீக்கிரம் டிராப் பண்ணுன்னு. அதோட தாராசுரம் போச்சு. கும்பகோணத்தை ஒட்டித்தான் இருக்கு, தேர் மாதிரி செதுக்கின மண்டபமும் 63 நாயன்மார் கதையைச் சின்னச் சின்னதா செதுக்கின கல்லும் இருக்கிற கோயில், ரோட்டுல இருந்து கொஞ்ச தூரம்தான், அதையும் தாண்டிப் போயிட்டோம். அம்மா ஒண்ணும் சொல்லல, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

தஞ்சாவூர்ல இறங்கினப்ப பில்லுல வெயிட்டிங் சார்ஜ் தனியா போட்டிருந்தாங்க. டிரைவர் தூங்கின அரை மணி, சாப்பிட்ட நேரம் எல்லாம் சேத்து எங்க கணக்குல. சரி அந்தத் தம்பிக்காவது போகுதான்னு கேட்டேன், இல்லக்கா எனக்கு பேட்டா மட்டும்தான்னாரு.

காசு கொடுக்க நான் தயங்கல. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு வெறும் டிராப் வேற, நடுவுல இடம் பாத்துட்டுப் போறது வேற, ரெண்டுக்கும் ஒரே ரேட்டை போன்ல சொல்லிட்டு கடைசில பில்லுல மாத்தக்கூடாது. புக் பண்ணும்போதே எந்தெந்த இடம், அங்க எத்தனை நேரம், அதுக்கு மேல போனா மணிக்கு எவ்வளவு, அதுல டிரைவருக்கு எவ்வளவுன்னு எழுத்துல அனுப்பணும், ராத்திரி வண்டி ஓட்டின டிரைவரை மறுநாள் விடியக்காலைல அனுப்பக்கூடாது. போக்குவரத்துத் துறையும் சுற்றுலாத் துறையும் இதைக் கட்டாயமாக்கணும். ஆயிரம் வருஷத்துக் கோயிலை ஒரு வயசான அம்மா வாழ்க்கையில ஒரு தடவை பாக்க வர்றாங்க, அடுத்த டிரிப்புக்காக அவங்களை அவசரப்படுத்தக்கூடாதுங்க.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். உங்க பேப்பர்ல வாரம் ஒரு வழித்தடம் எடுத்து, வழியில இருக்கிற கோயில்கள் எத்தனை மணிக்குத் திறக்குது எத்தனை மணிக்குச் சாத்துதுன்னு போடுங்க. நாங்க அதை வெட்டி எடுத்து வச்சு, டாக்ஸிக்காரங்ககிட்ட காட்டிப் பேசிக்கறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு தாம்பரம்.