மல்டிபிளெக்சரை வடிவமைக்கவும் கற்றுத் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிப் தயாரிப்புக்காக மத்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது முதல் இத்துறை பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் தொடர்ந்து வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டு என்னிடம் வரும் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்ட மாணவர்கள் பிராசசரைப் பற்றியும் செயற்கை நுண்ணறிவு சிப் பற்றியுமே கேட்கிறார்கள். வெளியிலிருந்து வரும் சிக்னலை எண்ணாக மாற்றும் அனலாக் பகுதியைப் பற்றி, அதிலும் அதன் முகப்பில் இருந்து, பல சிக்னல்களில் ஒன்றை மட்டும் தேர்ந்து உள்ளே அனுப்பும் மல்டிபிளெக்சரைப் பற்றிக் கேட்பவர் அரிது. இறுதியாண்டு வடிவமைப்புப் பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான சுற்று இல்லை என்பது என் உறுதியான கருத்து.

டெல்டா கல்லூரிகளில் வயலின் ஈரப்பதத்தையும் வாய்க்காலின் நீர்மட்டத்தையும் அளக்கும் புராஜெக்ட்டுகள் ஆண்டுதோறும் செய்யப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலும் பயன்படும் அர்டுயினோ உனோ போர்டின் ஏடிமெகா 328 சிப்பில் சிக்னலை எண்ணாக்கும் அனலாக்-டிஜிட்டல் மாற்றி ஒன்றுதான் உண்டு. பல சென்சார்களை முறை வைத்து அதனுடன் இணைப்பது உள்ளேயிருக்கும் மல்டிபிளெக்சர். ஈர மண்ணில் செருகிய சென்சாரைப் படித்த கையோடு காய்ந்த மண்ணில் உள்ளதைப் படித்தால், இரண்டாவதன் அளவு முதலாவதன் பக்கம் சாய்ந்து வருவதுண்டு. மாணவர்கள் சென்சார் பழுது என்று நினைத்து வேறொன்று வாங்கி வருகிறார்கள். உண்மையில், உள்ளேயுள்ள 14 பிக்கோஃபாரட் மின்தேக்கியில் முந்தைய சென்சாரின் மின்னழுத்தம் தங்கியிருக்கிறது. அடுத்த சென்சாரின் மின்தடை அதிகமாக இருந்தால், கிடைக்கும் நேரத்துக்குள் அதை மாற்ற முடிவதில்லை. சிக்னல் மூலத்தின் மின்தடை 10 கிலோ ஓமுக்குள் இருப்பது நல்லது என்று அந்தச் சிப்பின் தரவுத்தாளே கூறுகிறது. ஒவ்வொரு சென்சாரையும் இருமுறை படித்து, முதல் அளவைத் தள்ளிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வேகம் கூடும்போது இப்படிக் காத்திருக்க நேரம் இருப்பதில்லை. நொடிக்கு 10 கோடி முறை அளந்து, அளவை 4,096 படிகளாகப் பிரிக்கும் 12 பிட் மாற்றிக்கு, பாதிச் சுழற்சியான 5 நானோநொடிக்குள் சிக்னல் நிலைகொள்ள வேண்டும். அந்தத் துல்லியத்துக்குச் சுமார் ஒன்பது காலமாறிலிகள் (மின்தடையையும் மின்தேக்கத்தையும் பெருக்கினால் வரும் நேரம்) தேவை. மின்தேக்கம் 1 பிக்கோஃபாரட் என்றால், சிக்னல் மூலமும், மல்டிபிளெக்சரில் ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டரும் சேர்ந்த மின்தடை சுமார் 550 ஓமைத் தாண்டக் கூடாது. மின்தடையைக் குறைக்க டிரான்சிஸ்டரை அகலமாக்கினால், அணைந்திருக்கும் ஸ்விட்சின் வழியே பக்கத்து சிக்னல் கசியும் மின்தேக்கமும் அதே அளவில் கூடுகிறது. ஒரு சிக்னல் இன்னொன்றில் கலக்கும் கிராஸ்டாக் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கசிவு மின்தேக்கம் 10 ஃபெம்டோஃபாரட் மட்டுமே என்று கொண்டாலும், 1 கிகாஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு சுமார் 16 கிலோ ஓம்தான். 50 ஓம் சுற்றில் பக்கத்து சிக்னல் 50 டெசிபெல் மட்டுமே, அதாவது சுமார் முந்நூறில் ஒரு பங்காக, குறைகிறது. 12 பிட் துல்லியத்துக்கு 72 டெசிபெல்லாவது வேண்டும்.

நம் பகுதி மாணவருக்கு இதற்கான தீர்வை விளக்குவது எளிது. மதகின் பலகையை இறக்கிய பிறகும் இடுக்கில் நீர் கசியும். ஒரு பலகைக்கு இரண்டாகப் போட்டு, நடுவே ஒரு வடிகாலைத் திறந்துவிட்டால் கசிந்த நீர் அதில் போய்விடும். தொடராக இரண்டு ஸ்விட்சுகள், அணைக்கும்போது அவற்றின் நடுப்புள்ளியைத் தரையோடு இணைக்கும் மூன்றாவது ஸ்விட்ச் என்று அமையும் டி-ஸ்விட்சும் இதையே செய்கிறது. ஆனால் தொடர் ஸ்விட்சுகளின் மின்தடை பழைய அளவுக்குத் திரும்ப, ஒவ்வொன்றையும் இரு மடங்கு அகலமாக்க வேண்டியிருப்பதால் அவை நான்கு மடங்கு இடத்தை எடுத்துக்கொள்கின்றன. 16 உள்ளீடுகளுக்கும் அப்படிச் செய்தால் சிறிய சிப் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே உள்ளீடுகளை நான்கு நான்காகப் பிரித்து, இரண்டு அடுக்குகளாக அமைப்பது நல்ல வழி. சிக்னல் பாதையில் 16 டிரான்சிஸ்டர்களின் மின்தேக்கம் தொங்குவதற்குப் பதிலாக எட்டு மட்டுமே தொங்கும். தொடராக இரண்டு ஸ்விட்சுகள் தாமாகவே அமைந்துவிடுவதால், குழுவுக்கு ஒரு தரை ஸ்விட்சைச் சேர்த்தாலே மற்ற மூன்று குழுக்களின் கசிவும் வெகுவாக அடங்கிவிடும். ஒரே குழுவுக்குள் கசிவு எஞ்சும் என்பதால், வேகமான சிக்னல்களை வெவ்வேறு குழுக்களில் வைப்பது வடிவமைப்பாளரின் பொறுப்பு. இரட்டைக் கம்பியில் எதிரெதிராக வரும் சிக்னல் என்றால், எப்போதும் அணைந்தே இருக்கும் அதே அளவு டிரான்சிஸ்டரை ஒவ்வொரு உள்ளீட்டிலிருந்தும் எதிர்ப்பக்க வெளியீட்டுக்கு இணைத்து, இரு பக்கக் கசிவும் ஒன்றையொன்று நீக்கும்படி செய்யலாம். இவ்வளவு செய்தும் சிப்பில் டிரான்சிஸ்டர்களும் கம்பிகளும் அமையும் இடத்தை வரையும் லேஅவுட்டில் இரண்டு உள்ளீட்டுக் கம்பிகளை நடுவில் தரைக்கம்பி இல்லாமல் ஒட்டி ஓடவிட்டால் எல்லாம் வீண்.

சில டஜன் டிரான்சிஸ்டர்களே கொண்ட ஒரு சுற்றில் வேகம், துல்லியம், இடம் ஆகிய மூன்றின் இழுபறியையும் மாணவர் நேரில் காண்கிறார். ஆயினும் நம் ஆய்வகங்கள் பலவற்றில் மல்டிபிளெக்சர் என்றால் லாஜிக் கேட் வரைவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. கருவிக்குப் பணம் இல்லை என்ற காரணம் இன்று பொருந்தாது. ஸ்கைவாட்டர் என்ற சிப் தயாரிப்பு நிறுவனத்தின் 130 நானோமீட்டர் வடிவமைப்புக் கோப்புகள் கூகுள் ஒத்துழைப்புடன் 2020 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன; சுற்றைச் சிமுலேட் செய்யும் என்ஜிஸ்பைஸ், லேஅவுட் வரையும் மேஜிக் போன்ற மென்பொருள்களும் அப்படியே. 85,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி தரும் இலக்குடைய மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டம், அரசுக் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் பெங்களூரு சிப்இன் மையம் வழியாகக் கல்லூரிகளுக்கு வடிவமைப்புக் கருவிகளை வழங்குகிறது; மாணவர் வடிவமைப்புகளை மொஹாலியின் குறைக்கடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் தயாரிக்கவும் வழி செய்கிறது.

வரும் கல்வியாண்டில் டெல்டா மாவட்டக் கல்லூரிகளின் மின்னணுவியல் துறைகள், எட்டு உள்ளீடுகளும், பக்கத்து சிக்னலின் கசிவுக்கு 70 டெசிபெல்லுக்கு மேற்பட்ட தடுப்பும் கொண்ட ஒரு மல்டிபிளெக்சரை, பரப்பளவுக்கு வரம்பு விதித்து, இறுதியாண்டு மாணவர்களுக்குப் பணியாகத் தர வேண்டும். லேஅவுட்டுக்கு முந்தைய சிமுலேஷன் அளவுகளோடு பிந்தையவற்றையும் பக்கத்தில் வைத்து, வேறுபாட்டுக்குக் காரணம் எந்தக் கம்பி, எந்த டிரான்சிஸ்டர் என்று மாணவர் எழுதித் தந்தால் மட்டுமே மதிப்பெண் வழங்க வேண்டும் எனத் துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்னணுவியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்.