இரண்டு தூக்குப்போசியும் பதினேழு குஞ்சும்

நம்ம தெருக்காரர்கள் எல்லோருக்கும், தறிக்குடோன் பக்கத்து லைன் வீட்டுக்காரர்களுக்கும், மெயின் ரோட்டு டீக்கடைத் தம்பிக்கும் வணக்கம்.

பெட்டியில் பொரித்த கோழிக்குஞ்சு 17. காலையிலிருந்து பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கு மட்டும் கால் விரிந்துகொண்டது, கட்டுப் போட்டிருக்கிறேன். மற்றது எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் பல்புக்கு அடியில் போடுகிற சத்தத்தில் எனக்குத் தையல் மிஷின் சத்தமே கேட்கவில்லை. இரண்டு நாளாக ஒரு ஜாக்கெட்கூட முடிக்கவில்லை. துணி கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தக் காற்று என்ன பண்ணியது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் காற்று வரத்தான் செய்யும், ஆனால் அன்றைக்கு வந்தது வேறு, ஊர்க் கரண்டையே பிடுங்கிக்கொண்டு போனது. ஆளாளுக்கு ஒரு கதை இருக்கிறது. என் வீட்டில் கூடுதலாக, கரண்டில் முட்டை பொரிக்கிற ஒரு தெர்மாகோல் பெட்டியும் அதற்குள் 24 முட்டையும் இருந்தன, அவ்வளவுதான். 19ஆம் நாள் முட்டை.

பெட்டி வாங்கியபோதே மாமியார் சொன்னார்: "கோழி பண்ற வேலையப் பொட்டி பண்ணுமா?" நியாயமான கேள்விதான். ஆனால் நம்ம சிறுவிடை நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 70 முட்டை வைத்தால் பெரிது. அதில் ஒருமுறை அடைகாக்க, அதுதான் அவயத்துக்கு, உட்கார்ந்தால் 21 நாள் போகிறது, அப்புறம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுவதில் இரண்டு மாசம் போகிறது. அதுவரை முட்டை கிடையாது. ஒரு கோழிக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்கவும் முடியாது. பெட்டி வந்துவிட்டால் கோழி பாட்டுக்கு முட்டை போடட்டும், அடைகாக்கிற வேலையைக் கரண்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்று கணக்குப் போட்டேன். கரண்ட் பார்த்துக்கொண்ட லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

32 முட்டை வைத்தோம். பையன் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலில் போட்டான். திருப்பியதா இல்லையா என்று குழம்பாமல் இருக்க. ஒரு நாளைக்கு மூன்று முறை திருப்பினோம். சூடு 37.5 டிகிரி. ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அட்டையில் ஓட்டை போட்டு செல்போன் டார்ச்சில் வைத்துப் பார்த்தோம். தறியில் அறுந்த சிவப்பு நூலை உருண்டையில் ஒட்டிவைத்த மாதிரி உள்ளே நரம்பு ஓடியது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. பையன் வாயே திறக்கவில்லை. ஆறு முட்டை வெறும் முட்டை, எடுத்துவிட்டோம். 14ஆம் நாள் இரண்டு நின்றுபோயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு அக்கா, "கடையில விக்கற நாமக்கல் முட்டையும் நாலு வெச்சுப் பாரு கண்ணு" என்று கொண்டுவந்து கொடுத்தார். அக்கா, அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது, கரு எங்கிருந்து வரும்? ஆம்லெட் போட்டுவிட்டோம். அதற்கும் நன்றி.

18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, தண்ணீர்த் தட்டைப் பெரிதாக்கி, மூடியை மூடியாயிற்று. கடைசி மூன்று நாள் உள்ளே ஈரம் கூடுதலாக இருக்க வேண்டும், திறக்கவே கூடாது. மறுநாள் பொழுது சாயத்தான் அந்தக் காற்று.

பேட்டரி தெர்மாமீட்டர் 37.5இலிருந்து 35க்கு வந்தது, அப்புறம் 34. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு எடுத்தார், அதற்கே கோடி நன்றி. "பயப்படாதீங்கம்மா, கோழிகூட தினமும் இருபது நிமிசம் எந்திரிச்சு தீனிக்குப் போகுது. இந்த நாள்ல குஞ்சுக்கு சொந்தச் சூடு கொஞ்சம் இருக்கும். குளிர்றதவிட அதிகமாக் காயறதுதான் ஆபத்து. 39க்கு மேல விட்டுடாதீங்க. பெட்டிய மூடுங்க, காத்து ஓட்டைய மட்டும் அடைச்சிராதீங்க" என்றார். பக்கத்து வீட்டு அம்மா கல்யாணத்துக்கு வாங்கிவைத்த பவானி ஜமக்காளத்தைக் கொண்டுவந்து பெட்டிக்குப் போர்த்தினார். இரண்டு தடவை தண்ணீர் காய வைப்பதற்குள் சிலிண்டர் தீர்ந்தது. இருந்த இன்னொன்று இண்டக்சன் அடுப்பு. வீட்டுக்காரர் லாரியில் நாக்பூர் பக்கம். மணி பதினொன்றரை. தெருவில் எந்தக் கதவைத் தட்டுவது?

இனிமேல் சொல்வதற்கு என் மாமியார் மன்னிக்க வேண்டும்.

பையனைப் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டு டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு நடந்தேன். டீக்கடை பாய்லர் கரியில் ஓடுவதால் அங்கே மட்டும் வெளிச்சமும் புகையும் இருந்தது. மரம் விழுந்து ரோடு அடைத்ததில் லாரி டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் பகலில்கூட நான் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். தம்பி பார்த்துவிட்டது. "கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணா, அக்காவுக்கு என்னமோ அவசரமாட்ட இருக்குது" என்றதும் வழி விட்டார்கள்.

சுடுதண்ணீர் வேண்டும் என்று ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டினேன். பாய்லர் தண்ணீர் விழுந்ததும் பாட்டில் சுருங்கி, இடுப்பு ஒடிந்த மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தம்பி எதுவும் சொல்லாமல் மேலே கொக்கியில் தொங்கிய தூக்குப்போசி இரண்டை எடுத்தது. தறிக்குடோனுக்குப் பார்சல் டீ போகிற போசி. தறி ஓடாததால் அன்றைக்கு அவற்றுக்கு வேலை இல்லை. நிரப்பி, மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டுக் கேட்டது: "யாருக்குங்கக்கா முடியல?"

முட்டைக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடு ராத்திரி, அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில். "மாமியாருக்குக் கால் வலி, ஒத்தடம் கொடுக்கோணும்" என்றேன். அத்தை, நீங்கள் அப்போது நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டு இருந்தீர்கள்.

போசிகளை முட்டையில் படாமல் இரண்டு ஓரத்திலும் வைத்தேன். பத்தே நிமிஷத்தில் 39.2. பதறி மூடியைச் சந்து வைத்துத் திறந்து இறக்கினேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒரு மணிக்குள் மறுபடி 35. மறுபடி நடந்தேன். ஆறிய போசியை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு இரண்டு போசியை எடுத்தபடியே தம்பி சொன்னது: "இத்தன தண்ணி ஒத்தடத்துக்கு ஆகாதுங்க்கா. ஒடம்பு ரொம்ப முடியலைன்னா சொல்லுங்க, ஆசுபத்திரிக்கு வண்டி புடிக்கலாம். இந்த அண்ணன் வேன் வெச்சிருக்காரு."

அந்த அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

அதற்குமேல் எப்படிப் பொய் சொல்வது? "முட்டைங்க தம்பி" என்றேன். "என்ன முட்டைங்க?" "கோழி முட்டை. பொட்டியில வெச்சிருக்கறேன். கரண்ட் இல்ல." வேன்கார அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது.

தம்பி சிரிக்கவில்லை. "எத்தனாவது நாளுங்க?" என்றது.

"பத்தொம்பது."

"அப்ப உள்ள கத்தோணுமே. கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்டுப் பார்க்கவில்லை. சூடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று எண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்ததில் காதை வைக்கத் தோன்றவே இல்லை. 39க்கு ஏறிய கதையையும் சொன்னேன். உடனே பாய்லர் தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து, டீ ஆற்றுகிற மாதிரியே இரண்டு குவளையில் மேலும் கீழும் ஆற்றி, புறங்கையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து, திருப்தி ஆனபிறகுதான் போசியில் ஊற்றியது. மூடி மேல் ஒரு துண்டையும் சுற்றிக் கொடுத்தது. காசு நீட்டினேன். "தண்ணிக்கு என்னங்க காசு" என்று அடுத்த டீயைப் போடப் போய்விட்டது. அந்தத் தண்ணீர் வைத்தபோது தெர்மாமீட்டர் 37.8இல் நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே சுவரில் சாய்ந்தேன். இரண்டரைக்கு ஒருமுறை போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் நினைவு இருக்கிறது.

யாரோ "அக்கா, அக்கா" என்று மெதுவாகக் கூப்பிட விழித்தேன். மணி நாலரை. பையன் ஒரு பக்கம் தூங்குகிறான், தெர்மாமீட்டர் 33 காட்டுகிறது. கேட்டுக்கு வெளியே டீக்கடைத் தம்பி, சைக்கிள் ஹேண்டில் பாரில் இரண்டு பக்கமும் போசி. "நாலு மணிக்கு வருவீங்கன்னு பாத்தனுங்க. காணோம்."

கடையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "அந்த வேன்கார அண்ணன் நிக்கறாருங்க. மூணு டீ அவரே போட்டுட்டாரு, எப்படி இருக்குதோ தெரியல."

சிரித்த அண்ணனே, உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. நீங்கள் போட்ட டீயைக் குடித்தவர்களுக்கும் சேர்த்து இந்த நன்றி.

போசியை மாற்றிவிட்டு, தம்பி மண்டியிட்டுப் பெட்டியின் ஓரத்தில் காதை வைத்தது. ரொம்ப நேரம். நான் மூச்சு விடாமல் நின்றேன். அப்புறம் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டியது. நானும் காதை வைத்தேன். எண்ணெய் போடாத மிஷின் சக்கரம் அரைச் சுற்று சுற்றி நின்ற மாதிரி, ஒரே ஒரு கீச். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அதற்குள் பால்வண்டி வருகிற நேரம் ஆகிவிட்டது என்று தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூட நான் கேட்கவில்லை.

அன்றையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டு இருக்கிறேன். உயிர் போகிற அவசரம் என்று பொய் சொன்னபோது தண்ணீர் கொடுத்தது பெரிதில்லை, அது யாரும் கொடுப்பார்கள். முட்டைக்கு என்று தெரிந்தபிறகு அந்தத் தம்பி தண்ணீரை ஆற்றிக் கொடுத்ததே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. போன வருஷம் லைன் வீட்டுப் பொண்ணு ஒன்று ராத்திரி பத்து மணிக்கு வந்து ஊசி நூல் கேட்டபோது, "இந்நேரத்துல எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். அந்தப் பொண்ணு இதைப் படித்தால், இனி எந்த நேரத்திலும் வா, எதுக்கு என்று கேட்க மாட்டேன்.

சனிக்கிழமை காலையில் இன்வெர்ட்டரை வண்டியில் ஏற்றிவந்த மெக்கானிக் அண்ணன், அது வேலை செய்கிறதா என்று பார்க்கவே நாலு தடவை வந்த அவர் பையன், காற்று அடங்குமுன்னே கம்பத்தில் ஏறிய லைன்மேன் அண்ணன்கள், சிலிண்டர் கொடுத்த மாடிவீட்டு ஆத்தா, ரோட்டில் மரம் அறுத்தவர்கள், குஞ்சுக்குத் தீனி என்று கம்புத் தானியத்தை உடைத்துக் கொடுத்தவர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதினால் தெரு முழுக்க வரும்.

குளிர் பட்டதால் ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான் பொரித்தது. ஞாயிறு ராத்திரி முதல் முட்டையில் மூக்குப் பட்டு ஓடு விண்டது, திங்கள் விடிகாலையில் குஞ்சு வெளியே வந்தது. செவ்வாய் சாயங்காலம் வரை ஒவ்வொன்றாக. மாமியார்தான் பெட்டிக் கண்ணாடிக்கு முன்னால் நகராமல் உட்கார்ந்திருந்தார். ஒரு குஞ்சு பாதி ஓட்டோடு திணறியதைப் பார்த்து, "நான் உரிச்சு உடறேன்" என்று மூடிக்குக் கை கொண்டுபோனார். நானும் பையனும் சேர்ந்து பிடித்துக்கொண்டோம். மூடியைத் திறந்தால் ஈரம் போய் உள்தோல் மற்ற குஞ்சுகள் மேலும் ஒட்டிக்கொள்ளும், உரித்தால் இன்னும் வற்றாத நரம்பு அறுந்து ரத்தம் வரும். ஐந்து மணி நேரம் கழித்து அதுவாகவே உதைத்து வந்தது. பசிக்காதா என்று கேட்கிறவர்களுக்கு: மிச்சமிருக்கிற மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது, இரண்டு நாளைக்குத் தாங்கும். பண்ணைக் குஞ்சுகளை ஒருநாள் குஞ்சாகவே பெட்டியில் போட்டு வெளியூருக்கு அனுப்புவது இதனால்தான்.

ஏழு வரவில்லை. அதில் மூன்று முழுசாக வளர்ந்திருந்தன. தென்னைக்கு அடியில் புதைத்தோம். நாலரைக்கு முன்னால் நான் தூங்காமல் இருந்திருந்தால் என்று தோன்றாமல் இல்லை.

டீக்கடைத் தம்பிக்கு இரண்டு குஞ்சு தருவதாகச் சொன்னேன். "கடைக்குப் பின்னால ஒத்த ரூம்ல நானே ஒடுங்கிக் கெடக்கறனுங்க, அத எங்கீங்க வளர்க்கறது" என்றது. அதனால் இரண்டு இங்கேயே வளரும். கழுத்தில் கருப்பு வட்டம் இருப்பது ஒன்று, முதலில் வந்தது இன்னொன்று. ஏழாம் நாள் வெள்ளைக்கழிசலுக்குச் சொட்டு மருந்து விட டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார், அவைதான் முதலில் போகும். முட்டை வைத்தால் கடைக்கு வரும். அடுத்த ஆடிக்கு இன்வெர்ட்டர் இல்லாமல் பெட்டிக்குள் முட்டை வைக்க மாட்டேன் என்று மாரியம்மன்மேல் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

குஞ்சு பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். செருப்பை வெளியே விட்டு, கை கழுவிவிட்டு. பழைய துணி இருந்தால் கொண்டுவாருங்கள், நியூஸ் பேப்பர் வேண்டாம். அது வழுக்கித்தான் அந்த ஒன்றுக்குக் கால் விரிந்தது. பேண்ட்எய்டை நீளவாக்கில் பாதியாகக் கிழித்து இரண்டு காலையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன், நாளைக்கு அவிழ்க்க வேண்டும்.

தம்பி, உன் போசி இரண்டும் இங்கேதான் இருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். ஒன்றின் மூடி என்னிடம் வந்து நெளிந்துவிட்டது, நானும் தட்டிப் பார்த்தேன், சரியாக உட்காரவில்லை. மூடி மட்டும் காங்கேயத்துப் பாத்திரக்கடையில் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டு இருக்கிறேன். அதுவரை ஒன்றை மட்டும் பையன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பிள்ளையார் கோயில் முக்குத் தையல்கார அக்கா