ஜூலியட்டுக்கு ஒரு திருத்தம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்.

எனக்கு இப்போது ஒரு புதுப் பைத்தியம். பழைய ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் உன் மானத்தை வாங்கும் விஷயம் ஒன்று அகப்பட்டது. பதினோராம் வகுப்பு ஆண்டு விழாவில், உன் அக்கா தாவணியைக் கட்டிக்கொண்டு ஜூலியட்டாக வந்தாயே! 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்று நெற்றியில் கைவைத்து மேடையின் இரண்டு பக்கமும் தேடினாய். கைதட்டல் வேறு. 'வேர்ஃபோர்' என்றால் 'எங்கே' இல்லையாம், 'ஏன்'. பகைக் குடும்பத்துப் பெயரோடு நீ ஏனடா ரோமியோவாக இருக்கிறாய் என்று அவள் புலம்புகிறாள். யாரையும் தேடவில்லை.

வாயில் நுழையாத சொல் என்றால் அகராதியைப் புரட்டிவிடுவோம். தெரிந்த முகத்தோடு வருகிறவைதான் கழுத்தை அறுக்கின்றன. 'பிரசென்ட்லி' என்றால் நம் ஆபீஸில் 'தற்போது'. பழைய நாவல்களில் 'கொஞ்ச நேரத்தில்'!

அதே வசனத்தில் வரும் 'தௌ' இன்னும் பெரிய கதை. பைபிளில் கடவுளை அப்படி அழைப்பதால், 'தேவரீர்' மாதிரி மரியாதைச் சொல் என்றே நினைத்திருந்தேன். தலைகீழ்! 'தௌ'தான் நம்முடைய 'நீ'. 'யூ'தான் 'நீங்கள்'. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் ஒருவர் என்றால் 'தௌ'. கடவுளுக்கும் அதுதான், சாத்தானுக்கும் அதுதான். நாமும் சாமியை 'நீ' என்றுதானே கூப்பிடுகிறோம்?

1603இல் இங்கிலாந்தின் பிரபலக் கடலோடி வால்டர் ராலி மீது ராஜத்துரோக வழக்கு. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், 'துரோகி, உன்னை நீ என்றுதான் சொல்வேன்' என்கிற பொருளில் சீறினாராம். 'தௌ' என்பதையே வினைச்சொல்லாக்கித் திட்டியிருக்கிறார். பிறகு வந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரோ கடவுள் முன் எல்லாரும் சமம் என்று நீதிபதியையும் 'நீ' என்றே அழைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இதை வெள்ளைக்காரன் விளக்கித்தான் புரிந்துகொள்கிறான். நமக்கு ஒரு வரி போதும்.

கோபம் வந்தால் நீ நேரெதிர். சீட்டுப் பணத் தகராறில் மூன்று மாதம் என்னை 'நீங்க, வாங்க' என்று கொன்றாயே!

பொங்கலுக்கு வருகிறேன். அந்தத் தாவணி போட்டோ இருந்தால் எடுத்து வை. பேரனுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ராமு