குடியிருப்போர் சங்கச் செயலாளர் அறிக்கை 2024–25: முனையில் நின்ற ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் காட்டியவர்களுக்கும் வணக்கம்.

போன வருடம் குப்பை, தெருவிளக்கு, தெருநாய் என்று எல்லாவற்றுக்கும் நாலு வரி எழுதியிருந்தேன். இந்த வருடம் அப்படி முடியவில்லை. சங்கத்தின் ஆளும் நேரமும் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய்விட்டது. மேடவாக்கம் பிரதான சாலையிலிருந்து நம் தெருக்களுக்குத் திரும்புகிற முனைதான். மடிப்பாக்கத்தில் இருப்பவர்களுக்கு அதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை 47 கிலோமீட்டர் மெட்ரோ நம் தலைக்கு மேலே போகப் போகிறது, சந்தோஷம். அது ஓடும்வரை சாலையின் நடுப்பகுதி தகரத் தடுப்புக்குள் இருக்க, மிச்சமிருக்கும் இரண்டு ஓரத்திலும் பஸ், தண்ணி லாரி, ஷேர் ஆட்டோ, ஸ்கூல் வேன், ராங் சைடில் வரும் பைக் எல்லாம் போய் வர வேண்டும்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே போக்குவரத்துக் காவல் அதிகாரி ஒருவரைப் பார்த்தோம். மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார். ஒரு ஏட்டை வைத்து மூன்று முனை பார்க்கிறேன் சார், காலையில் ஒரு மணி நேரம் நீங்களே நாலு பேர் வந்து நில்லுங்களேன் என்றார். அன்று ராத்திரி குரூப்பில் போட்டதும் 19 பேர் பெயர் கொடுத்தார்கள். இன்றைக்கு நிற்பது 7 பேர். வேலை, முட்டிவலி, பேரன் பேத்தி, வெயில் என்று காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த அறிக்கையில் நான் சொல்ல வந்ததே இந்த 19, 7 கணக்கைத்தான்.

முதல் நாள் விசிலை ஊதிக்கொண்டே இருந்தோம். ஒருத்தரும் நிற்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டினால் போகச் சொல்கிறோமா நிற்கச் சொல்கிறோமா என்று நமக்கே தெரியாது. எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது போலீஸ்கூட இல்லை, மெட்ரோ வேலையிடத்தில் சிவப்புக் கொடியோடு நிற்கும் பையன்களில் ஒருவன். ஒடிசாக்காரன், தமிழில் அவனுக்குத் தெரிந்தது 'நில்லு', 'போ', 'அண்ணா மெதுவா', இவ்வளவுதான். கொடியை ஆட்டாதே, நீட்டிப் பிடி, அசையாதே என்று செய்து காட்டினான். மூன்றாவது தெரு டீச்சர் அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். முன்னால் வரும் ஒரே ஒரு பைக்கைத் தேர்ந்தெடுப்பார், ஓட்டுகிறவன் கண்ணைப் பார்ப்பார், உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டுவார், அவ்வளவுதான். அந்த ஒருவன் நின்றால் பின்னால் வரும் முப்பது பேரும் நிற்கிறார்கள். ஒருநாள் தண்ணி லாரியையே நிறுத்தினார். டிரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, 'டீச்சரா? வணக்கம் டீச்சர்' என்றார். முப்பது வருடத்துக்கு முந்தைய மாணவராம்.

அந்தக் கொடிக்காரப் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் போலீஸ் இல்லாத ஆட்கள் போக்குவரத்தைப் பார்ப்பது என்றால் எல்லோரும் தன்னார்வ டிராஃபிக் வார்டன்களைத்தான் சொல்கிறார்கள். ஆனால் வெயிலில் பகல் முழுக்க நின்று, வசவு வாங்கி, வண்டிகளை ஒதுக்கி விடுபவர்கள் இந்தப் பையன்கள்தான். எங்களை 'சார், ஓரமா நில்லுங்க' என்றவர்கள் அவர்களை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. பொங்கலுக்கு அவர்களுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்தோம். அந்தச் செலவு பொருளாளர் கணக்கில் 'இதர' என்று வரும், கேட்காதீர்கள்.

அக்டோபர் மழையைச் சொல்லாமல் விட முடியாது. மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் காரை வரிசையாக நிறுத்தினார்களே, அதில் நம் உறுப்பினர் கார்களும் உண்டு, நிறம் வரைக்கும் எனக்குத் தெரியும். அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு செய்தி பரவி, அப்படி எதுவும் இல்லை என்று போலீசே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு நாளும் நம் ஆட்கள் செய்தது, தண்ணீர் தேங்கிய தெருவுக்குள் நுழையப் பார்த்த வண்டிகளை முனையிலேயே திருப்பி விட்டது. வருடத்தில் எங்களைத் திட்டாமல் நன்றி சொன்ன இரண்டே நாட்கள் அவை.

அப்புறம் பிப்ரவரி. ஷேர் ஆட்டோ ஒன்று முனையில் நின்ற நம் பேங்க் சார் கால்மேல் ஏறிவிட்டது, கட்டைவிரல் எலும்பு முறிந்தது. ஆட்டோக்காரர் இறங்கி முதலில் கேட்டது, 'நிறுத்தச் சொல்ல நீ யாருய்யா?' கோபம் வந்தது உண்மை. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் பாதி நியாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவு, லைசென்சைக் கேட்டால் காட்டு என்பது சீருடையில் இருக்கும் போலீசுக்குத்தான். அபராதம் போடப் போலீசிலேயே ஒரு பதவிக்கு மேல் இருக்க வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரு விசில், பளபளக்கும் ஜாக்கெட், அந்த அதிகாரி வாயால் சொன்ன 'நில்லுங்களேன்'. எழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. உறுப்பினர் சிலர் ராங் சைடில் வந்தவரின் சாவியைப் பிடுங்கியதாகவும் புகார் வந்தது. அது கூடவே கூடாது. இனி யாராவது சாவியில் கை வைத்தால் ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கிவிடுவேன்.

இன்சூரன்ஸ் பற்றியும் விசாரித்தோம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். எல்லோரும் சேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் விரல் முறிந்ததற்கெல்லாம் அதில் பைசா வராது, 70 வயது தாண்டினால் சேரவும் முடியாது. நிற்கிற 7 பேரில் 2 பேர் 70-ஐத் தாண்டியவர்கள், அதில் ஒருவர் டீச்சர் அக்கா. பேங்க் சார் மருத்துவச் செலவை அவரே பார்த்துக்கொண்டார், சங்கம் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

இதனால்தான் செயற்குழுவில் ஒரு முடிவுக்கு வந்தோம், எல்லோருக்கும் பிடிக்காது என்று தெரியும். ஓசியில் ஆள் நிறுத்தி ஒரு நகரத்தின் முனைகளைப் பார்க்க முடியாது. உதவிக்கு ஆள் வேண்டும் என்றால் பயிற்சி, கூலி, எழுத்தில் அதிகாரம் மூன்றும் சேர்ந்த ஆள் வேண்டும். ஹைதராபாத்தில் 2024 டிசம்பரில் 39 திருநங்கைகளையும் திருநம்பிகளையும் தேர்வு வைத்து எடுத்து, பயிற்சி கொடுத்துச் சம்பளத்தோடு போக்குவரத்து உதவியாளர்களாக நிறுத்தினார்கள். நம்மிடம் ஊர்க்காவல் படை இருக்கிறது. அவர்களும் பெயருக்குத் தன்னார்வலர்கள்தான். மாதம் முழுக்க வேலை செய்தால் கிடைக்கும் படித்தொகை, காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்னது. அப்படி இரண்டு பேரை நம் முனைக்குக் காலை மாலை போடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம், நகல் தலைவரிடம் உள்ளது. பதில் வரவில்லை. 'அப்புறம் நாம் எதற்கு நிற்கணும்?' என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நாம் நிற்பதைக் காட்டியே ஆள் போடாமல் இருந்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். சரியாகவும் இருக்கலாம். ஆனால் நாளைக் காலை எட்டே காலுக்கு அந்த முனையைக் கடக்கப்போவது நம் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் அந்த வாதத்தை என்னால் சோதித்துப் பார்க்க முடியவில்லை.

மற்ற விஷயங்கள்: தெருவிளக்கில் மூன்று இன்னும் எரியவில்லை. குப்பை வண்டி ஒழுங்காக வருகிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் பெயரை வாசிக்கப் போவதில்லை, அவர்களே பொருளாளரைப் பார்த்துவிட்டால் நல்லது.

முனையில் செவ்வாய் மாலை ஷிப்ட் மட்டும் ஆளில்லாமல் இருக்கிறது. ஜாக்கெட் ஒன்று துவைத்து மடித்து என் வீட்டில் உள்ளது, சைஸ் எக்ஸ்எல்.