பிஎஸ்4-ஐ விற்பதற்கு முன்

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. பிஎஸ்5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி, வாங்கப்போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். பழைய பிஎஸ்4-ஐயும் கூட இருக்கும் சாமான்களையும் மொத்தமாகத் தள்ளிவிடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். அதில் பெரும்பாலானவை பிஎஸ்5-லும் வேலை செய்யும். வேலை செய்யாதவை எவை, ஏன் என்று தெரிந்துகொண்ட பிறகு விற்பதைப் பற்றி யோசி.

முதலில் மாடல். உன் அலமாரியில் இருப்பதெல்லாம் டிஸ்க். டிஸ்க் டிரைவ் இல்லாமல் வரும் டிஜிட்டல் எடிஷன் வாங்கினால் ஒன்றைக்கூடப் போட முடியாது. 2023 நவம்பரில் வந்த ஸ்லிம் மாடலுக்கும் 2024-ல் வந்த ப்ரோவுக்கும் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். மாட்டியதும் அதைப் பதிவு செய்ய ஒரு தடவை இன்டர்நெட் வேண்டும். பிஎஸ்4 டிஸ்க்கைப் போட்டால் கேம் உள்ளே இன்ஸ்டால் ஆகும். ஆனாலும் ஒவ்வொரு முறை விளையாடும்போதும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். பிஎஸ்5 பதிப்புக்கு மாறும் வசதி உள்ள கேம்களுக்கும் இதே கதைதான். பிஎஸ்3, பிஎஸ்2 டிஸ்க்குகளை எந்த மாடலும் படிக்காது.

செகண்ட் ஹேண்டில் டிஸ்க் வாங்கும் பழக்கம் உனக்கு உண்டு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அட்டையிலும் டிஸ்க்கிலும் சியுஎஸ்ஏ என்று தொடங்கி ஐந்து இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். எந்த நாட்டு டிஸ்க்காக இருந்தாலும் கேம் ஓடும். ஆனால் டிஎல்சி, அதாவது கேமுக்குத் தனியாக வாங்கும் கூடுதல் பகுதி, அந்தப் பதிப்போடு பொருந்தினால்தான் சேரும். நீ விளையாடிய இடம் பதிவாகியிருக்கும் சேவ் ஃபைலும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் அடையாளம் காணப்படுகிறது. ஒரு நாட்டுப் பதிப்பில் பதிவான சேவ் ஃபைலை இன்னொரு நாட்டுப் பதிப்பு பொதுவாகக் கண்டுகொள்ளாது. பழைய டிஸ்க்கை விற்றுவிட்டு அதே கேமை ஸ்டோரில் டிஜிட்டலாக வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சேவ்களை மாற்றுவதற்குத்தான் இரண்டு பெட்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். இரண்டிலும் சாஃப்ட்வேரைப் புதுப்பித்து, ஒரே கணக்கில் லாகின் செய்து, ஒரே நெட்வொர்க்கில் வை. லேன் கேபிள் இருந்தால் வேகமாக முடியும். பிஎஸ்5-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் சாஃப்ட்வேர், டேட்டா டிரான்ஸ்ஃபர் என்று போ. கேட்கும்போது பிஎஸ்4-இன் பவர் பட்டனை பீப் சத்தம் வரும்வரை ஒரு விநாடி அழுத்திப் பிடி. அவ்வளவுதான்.

அதோடு விட்டுவிடாதே, பென் டிரைவிலும் ஒரு நகல் எடு. பிஎஸ்4-இல் அப்ளிகேஷன் சேவ்டு டேட்டா மேனேஜ்மென்ட் பகுதியிலிருந்து யுஎஸ்பிக்குக் காப்பி செய்யலாம். பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் என்டிஎஃப்எஸ் போட்டு வைத்திருந்தால் பெட்டி அதை எடுத்துக்கொள்ளாது. பிஎஸ்4 சேவ்களுக்கு மட்டும்தான் இந்த யுஎஸ்பி வசதி. பிஎஸ்5 கேம்களின் சேவ் ஃபைலை இப்படித் தனியாக யுஎஸ்பிக்குக் காப்பி செய்ய முடியாது, தனி நகல் வேண்டுமென்றால் சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டி கிளவுடில்தான் வைக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கியவனின் சேவ் ஃபைலை அவன் கைக்கே தராமல் வைத்திருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

உன் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கழற்றி பிஎஸ்5-ல் சொருகு. பிஎஸ்4-க்கென்று ஃபார்மேட் செய்ததை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும், உள்ளே இருக்கும் கேம்களை அங்கிருந்தே ஓட்டலாம். 250 ஜிபி முதல் 8 டிபி வரை ஏற்கும். பிஎஸ்5 கேம்களை அதில் சேமித்து வைக்கலாம், ஓட்ட முடியாது. அந்தக் கேம்கள் எதிர்பார்க்கும் வேகம் அதில் இல்லை. சொருகியும் தெரியவில்லையென்றால் முதலில் போர்ட்டைப் பார். 2020-ல் வந்த மாடலின் முன்பக்கம் இருக்கும் பெரிய யுஎஸ்பி போர்ட் பழைய 480 எம்பிபிஎஸ் வேகம்தான். ஹார்ட் டிஸ்க்குக்குக் குறைந்தது 5 ஜிபிபிஎஸ் வேண்டும், அது பின்பக்கப் போர்ட்டுகளில் கிடைக்கும். நடுவில் ஹப் வைத்தாலும் எடுக்காது.

கன்ட்ரோலர் விஷயத்தில் குழம்ப வேண்டாம். பிஎஸ்4-இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4-ஐ வைத்து பிஎஸ்5-ல் பிஎஸ்4 கேம்களை விளையாடலாம், பிஎஸ்5 கேம்களை விளையாட முடியாது. பிஎஸ்5-இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸின் அதிர்வும் டிரிகர் இறுக்கமும் புதிய கேம்களில் இருந்தே ஆக வேண்டும் என்று சோனி எடுத்த முடிவு அது. ஒரே கேமின் இரண்டு பதிப்பும் இன்ஸ்டால் ஆகியிருந்தால், எதைத் திறக்கிறாய் என்று கவனி. பழைய கன்ட்ரோலர் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் பாதி நேரம் பிஎஸ்5 பதிப்பு திறந்திருக்கும். இணைக்க, டேட்டா போகும் மைக்ரோ யுஎஸ்பி கேபிளால் சொருகி பிஎஸ் பட்டனை அழுத்து. போன் சார்ஜரோடு வரும் சில கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், அவற்றால் இணையாது. திரும்ப பிஎஸ்4-க்குப் போகும்போது மறுபடி கேபிள் போட்டு இணைக்க வேண்டும்.

ஸ்டீயரிங் வீலை மட்டும் விற்றுவிடாதே. லாஜிடெக் ஜி29 பிஎஸ்5 கேம்களிலும் ஓடும், கிரான் டூரிஸ்மோ 7 உட்பட. வீலின் மேலே இருக்கும் சுவிட்ச் பிஎஸ்4 பக்கம் இருக்க வேண்டும், பிஎஸ்3 பக்கம் தள்ளியிருந்தால் பெட்டி கண்டுகொள்ளாது. பழைய ஜி27-ஐ எப்படிச் சொருகினாலும் பயனில்லை. ஹெட்செட் யுஎஸ்பியிலோ 3.5 மிமீ பின்னிலோ சொருகுவதாக இருந்தால் கவலையில்லை. ஆப்டிகல் கேபிளை நம்பியிருப்பதாக இருந்தால், பிஎஸ்5-ல் அந்தப் போர்ட்டே கிடையாது.

தலையில் மாட்டி விளையாடும் விஆர் ஹெட்செட்தான் கொஞ்சம் வேலை வாங்கும். பிஎஸ்5-க்கென்று வந்த எச்டி கேமரா அதற்கு உதவாது. உன் பழைய பிஎஸ்4 கேமராவே வேண்டும், அதன் பிளக்கை யுஎஸ்பியாக மாற்றும் அடாப்டரும் வேண்டும். அடாப்டர் பின்பக்கப் போர்ட்டில் போக வேண்டும். ஸ்லிம்மில் முன்பக்கம் இரண்டும் டைப்-சி என்பதால் ஹெட்செட்டுக்கும் பிஎஸ்5-க்கும் நடுவில் வரும் சின்ன விஆர் பெட்டியின் யுஎஸ்பி கேபிளும் பின்னால்தான் போகும். ஆக, பின்னால் இருக்கும் இரண்டு போர்ட்டும் முடிந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு முன்பக்கம் வேகமான டைப்-சி போர்ட்டில் ஒரு கேபிள் பார்த்து வைத்துக்கொள். இன்னொன்று, விஆர் பெட்டி சியுஎச்-இசட்விஆர்1 வரிசையாக இருந்தால் எச்டிஆரை, அதாவது டிவியில் வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் வசதியை, கடத்தாது. விஆர் விளையாடாத நேரத்தில் எச்டிஎம்ஐயை நேராக டிவிக்கு மாற்றிவிடு. விஆர் உள்ள கேம்களில் பிஎஸ்4 பதிப்பைத்தான் திறக்க வேண்டும். பழைய விஆர் கேம்கள் எதுவும் பிஎஸ்5-க்கென்று வந்த விஆர்2 ஹெட்செட்டில் ஓடாது என்பதால், இந்தப் பழையதைத் தூக்கிப்போட்டால் அந்தக் கேம்களும் போயின.

இவ்வளவு சிரமத்துக்கும் பலன் உண்டு. ஃபிரேம் ரேட்டுக்கு, அதாவது ஒரு விநாடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கைக்கு, உச்சவரம்பு போடாத பிஎஸ்4 கேம்கள் பிஎஸ்5-ல் தானாகவே வேகம் பிடிக்கும். நீ வைத்திருக்கும் தி லாஸ்ட் கார்டியன் டிஸ்க் இதில் தனி ரகம். டிஸ்க்கில் இருக்கும் முதல் பதிப்பில் வரம்பு இல்லை, பின்னால் வந்த அப்டேட்தான் 30-இல் கட்டிவைத்தது. நெட்டைத் துண்டித்துவிட்டு டிஸ்க்கிலிருந்து இன்ஸ்டால் செய்து, அப்டேட் செய்யாமல் ஓட்டு. பிஎஸ்4-இல் தடுமாறிய அந்தக் கேம் 60 ஃபிரேமில் போகும். அதில் வரும் டிரிகோ என்ற பெரிய விலங்கு தாவும்போது ஒவ்வொரு இறகும் அசைவது தெரியும். டிஜிட்டலில் வாங்கினால் அப்டேட்டோடுதான் வரும், இது நடக்காது. பிளட்போர்ன் கேம் மட்டும் எங்கே போட்டாலும் 30-ஐத் தாண்டாது, அதில் ஏமாந்துபோகாதே.

விஆர் பெட்டியின் அடியில் இருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது. எந்த போர்ட்டில் எது போக வேண்டும் என்று படம் வரைந்தே அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகன்