முட்டுக்காட்டில் முதலில் இறங்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். டிசம்பரில் வரும்போது மாமல்லபுரத்துக்கு அரைநாள் போதும் என்று போனில் சொன்னாய். அன்றே மறுத்திருப்பேன். குழந்தை அழுதாள், நீ வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். அரைநாள் பத்தாது. முழுநாள் ஒதுக்கு, அதுவும் காலையில் போகிற வழியில் முட்டுக்காட்டில் இறங்கி தட்சிணசித்ராவைப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம்.

மியூசியமா என்று முகம் சுளிக்காதே. தென்மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, 10 ஏக்கரில் மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மொத்தம் 18 வீடுகள். 1996-இல் திறந்தது. ஆரம்பித்தவர் டெபோரா தியாகராஜன், அமெரிக்காவிலிருந்து இங்கே மருமகளாக வந்தவர். வடிவமைத்துக் கொடுத்தவர் லாரி பேக்கர், அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். வெளியிலிருந்து வந்தவர்கள் கண்ணுக்குப் பட்டது நமக்குப் படவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

ஆந்திரக் கடலோர வீடு ஒன்று இருக்கிறது. வட்டமாக, ஓலைக்கூரை நன்றாகத் தாழ்ந்து இறங்கியிருக்கும். மூலையே இல்லாததால் புயல் காற்றுக்குப் பிடி கிடைக்காது, சுற்றிக்கொண்டு போய்விடும். இன்னொன்று கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, மரத்தாலேயே ஆனது. உள்ளே நுழைந்ததும் எதிரில் நெல் அறை! வருகிறவர்கள் முதலில் பார்ப்பது குடும்பத்தின் நெல்லைத்தான். அந்தக் காலத்துப் பவிசு அது.

ஆனால் நான் அசையாமல் உட்கார்ந்தது செட்டிநாட்டு வீட்டில்தான். தூணில் கை வைத்ததும் நம் ஊர் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. நம்முடையது அவ்வளவு பெரிய வீடில்லை, நாட்டு ஓடு, நான்கே தூண். அதில் ஒன்று தாத்தா சாய்ந்து சாய்ந்து தலை படும் உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருக்கும். பங்கு பிரித்தபோது பழைய மர வியாபாரி வந்து கன அடிக் கணக்கில் அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அப்போது நீ காலேஜ் பரீட்சையில் இருந்தாய்.

சரி, அதை விடு. அங்கிருந்து தெற்கே போனால் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோவில், கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு வருகிற இடம். உன் அம்மா உனக்காக வந்தது ஞாபகமிருக்கிறதா? சாளுவன்குப்பத்தில் புலிக்குகையோடு திரும்பிவிடாதே. 2004 சுனாமி மணலை அரித்ததில் பாறையில் கல்வெட்டு வெளியே தெரிந்து, தோண்டிப் பார்த்தால் பழைய முருகன் கோவில். பல்லவர் கருங்கல்லுக்கு அடியில் சங்ககாலச் செங்கல் என்கிறார்கள். எதிரே கல்லில் ஒரு வேல். அங்கே கூட்டமே இருக்காது.

மாமல்லபுரத்தில் எல்லோரும் வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடித்துப் படமெடுப்பார்கள். மாப்பிள்ளையும் எடுப்பார், எடுக்கட்டும். குழந்தையை மட்டும் கிருஷ்ண மண்டபத்துக்குள் கூட்டிப்போ. ஒருவன் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறான், பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்குகிறது. அவளுக்கு மாடு என்றால் புத்தகத்தில் பார்த்ததுதானே! அர்ச்சுனன் தபசு என்கிற பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் தவம் செய்கிற பூனையையும், அதை நம்பிக் காலடியில் நிற்கும் எலிகளையும் அவளே கண்டுபிடிக்கட்டும், நீ காட்டாதே. ரதங்கள் பாறையையே குடைந்து செதுக்கியவை. கடற்கரைக் கோவில் பல்லவ ராஜா ராஜசிம்மன் கல்லை அடுக்கிக் கட்டியது. இந்த வித்தியாசத்தை மட்டும் நீ சொல்லிவிடு.

வெயில் ஏறுவதற்குள் முட்டுக்காட்டை முடிக்க வேண்டும். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, நாள் பார்த்து டிக்கெட் போடு. குயவர் சக்கரத்தில் அவளை உட்கார வைக்கலாம், சட்டை சேறாகும், மாற்றுத்துணி எடுத்துக்கொள்.

அங்கே திண்ணையில் வைத்து விளையாட அம்மா பல்லாங்குழியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். நம் ஊர் வீட்டிலிருந்து நான் எடுத்துவந்தது அது ஒன்றுதான். சோழி நாலைந்து குறைகிறது, புளியங்கொட்டை போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா