கிரைண்டர் பொறி

அன்புள்ள அம்மிணி,

போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாயே, தூக்கமில்லை என்றேன். அது பொய். அம்மாவையும் சொல்லவிடாமல் நான்தான் தடுத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு கேட்டில் வெல்டிங் போட்ட இடத்தை ஆங்கிள் கிரைண்டரில் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷ வேலை. இதெல்லாம் இரண்டு நிமிஷ வேலையில்தான் நடக்கும். சுருக்கென்று ஏதோ கண்ணில் பட்டது. தண்ணீர் அடித்துக் கழுவினேன், சரியானது போல இருந்தது. ராத்திரி படுத்தால், இமைக்கும்போதெல்லாம் மணல் உரசுகிறது.

காலையில் பக்கத்துப் பட்டறைக்காரர் கைக்குட்டை நுனியைத் திரித்துக்கொண்டு வந்துவிட்டார். நம் கணபதி ஏரியாவில் பாதிப் பட்டறைக்கு அவர்தான் கண் டாக்டர்! நானும் 20 வருஷமாய் அவரிடம்தான் காட்டியிருக்கிறேன். இந்த முறை அவருக்கும் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் வெளிச்சத்தையே பார்க்க முடியாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் உன் வயதுப் பெண். முதல் கேள்வியே, "கிரைண்டரா, சுத்தியலா?" என்றார். சுத்தியல் அடியில் தெறிக்கும் சில்லு கண்ணைத் துளைத்து உள்ளேயே போய்விடலாமாம். அப்படியென்றால் ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர் என்று வேலை பெரிதாகிவிடும். கிரைண்டரில் தெறிக்கும் இரும்புப் பொறி பெரும்பாலும் கருவிழியின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். எனக்கு மூக்குப் பக்கமாய் ஓரத்தில். நடுவில் என்றால் தழும்பு பார்வையை மறைத்திருக்கும்.

மரத்துப்போக ஒரு சொட்டு விட்டார். ஒரு நிமிஷத்தில் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. தாடையை ஸ்டாண்டில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, தன் காதையே பார்க்கச் சொன்னார். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். மேல் இமையைப் புரட்டி அங்கேயும் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். அப்புறம் கையில் எடுத்தது, சிரிஞ்சில் மாட்டுகிற சாதாரண ஊசி! நேராகக் கொண்டுவரவில்லை, பக்கவாட்டில் சாய்த்து, பொறியின் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். சுண்டுவிரல் என் கன்னத்து எலும்பில் ஊன்றியிருந்தது. கருவிழியின் கனம் 0.5 மில்லிமீட்டர்தானாம். இரும்பு அறுக்கிற நம் ஆக்ஸா பிளேடே அதைவிடக் கனம். இந்தக் கையைப் பட்டறைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

பொறி வந்துவிட்டது, ஆனால் ஒரு ராத்திரியில் சுற்றிலும் துரு வளையம் கட்டியிருந்தது. ஈரத்தில் கிடக்கும் இரும்பு என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? அதற்குப் பென்சில் மாதிரி ஒரு பேட்டரி டிரில், நுனியில் கடுகைவிடச் சின்ன உருண்டை. அதை வைத்துச் சுரண்டினார். மிச்சத்தைச் சனிக்கிழமை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம்கூட இல்லை, எழுந்து நடந்தே வந்தேன். மரப்புச் சொட்டை வீட்டுக்குக் கேட்டுப் பார்த்தேன். புண்ணை ஆறவிடாது என்று கண்டிப்பாய் மறுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் சொட்டு மட்டும் எழுதிக்கொடுத்தார். திங்கட்கிழமை பார்த்தபோது புண் மூடியிருந்தது.

நீ வாங்கி அனுப்பிய பாதுகாப்புக் கண்ணாடி காலண்டர் ஆணியில்தான் தொங்குகிறது. சோம்பேறித்தனம் இல்லை அம்மிணி. அதைப் போட வேண்டுமானால் படிக்கிற கண்ணாடியைக் கழற்ற வேண்டும்; கழற்றினால் வெல்டிங் கோடு தெரிவதில்லை. வயசாகிவிட்டதென்று உன்னிடம் சொல்ல வெட்கம். அன்றைக்கும் மூக்கு நுனியில் இருந்த படிக்கிற கண்ணாடிக்கு மேலாகத்தான் பொறி வந்தது.

என் பவர் பிளஸ் 2. அதே பவரில் பாதுகாப்புக் கண்ணாடி செய்து தருவார்களா என்று அங்கே பூனாவில் கேட்டுப் பார். பெரிய சைஸ் வேண்டாம், போன தடவை வந்தது மூக்கில் நிற்கவில்லை.

அப்பா